மூடியிருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? அணு உலைக் கட்டடத்தின் அடைப்பு வால்வுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கூடங்குளம் பற்றி ஒரு செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் அன்று முழுவதும் அதே பேச்சுத்தான். நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளம் இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர். வடக்கே கல்பாக்கம் அதைவிடச் சற்றே அதிகம். கொழும்பும் நமக்கு ஏறக்குறைய அந்தத் தூரம்தான். இலங்கையில் அணுமின் நிலையம் எதுவும் இல்லை என்றாலும், நமக்கு இது அயல்வீட்டு விடயம்.

பல ஆண்டுகள் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பேச்சுகளுக்குள் என்னையும் இழுப்பார்கள். இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவர், “ஒரு மீற்றருக்கு மேல் தடித்த கொங்கிறீற் சுவர், அதைத் தாண்டி ஒன்றும் வெளியே வராது” என்பார். மற்றவர், “எங்கேயோ ஒரு வால்வு பழுதாம், இனி எல்லாம் முடிந்தது” என்பார். இருவரும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் முதலாமவர் சுவரில் துளைகள் இருப்பதை மறந்துவிடுகிறார். இரண்டாமவர் அந்தத் துளைகளை அடைக்க என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை அறியாமல் பயப்படுகிறார்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தை நாம் மறக்கவில்லை. நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். அதற்குள் இறங்கியதை வாளி போட்டு அள்ளி எடுத்துவிட முடியாது. அடைத்து வைக்க வேண்டிய ஒன்று வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எப்படி அடைத்து வைக்கிறார்கள் என்பதைத்தான் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவர் எதற்காக?

அணு உலையின் எரிபொருள், விரல் நுனி அளவுள்ள சிறு வில்லைகளாக நீண்ட உலோகக் குழாய்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் குழாய்தான் முதல் வேலி. குழாய்களைச் சூழ்ந்து ஓடும் தண்ணீர் தடித்த உருக்குப் பாத்திரத்துக்குள்ளும் அதோடு இணைந்த பெருங்குழாய்களுக்குள்ளும் சுற்றிச் சுற்றி வரும். அந்த உருக்கு இரண்டாவது வேலி. இவை அனைத்தையும் உள்ளடக்கி நிற்கும் பெரிய கட்டடம் மூன்றாவது வேலி. இந்தக் கட்டுரையில் அதைக் காப்புக் கட்டடம் என்று அழைக்கிறேன்.

சமையலறையில் உள்ள பிரசர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அதனுள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடங்குளத்தில் உள்ள வகை உலையில் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ 157 மடங்கு. வெப்பநிலை 300 பாகையைத் தாண்டியும் அந்தத் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது அந்த அழுத்தத்தினால்தான். பெருங்குழாய் ஒன்று உடைந்தால் அழுத்தம் சட்டென்று விழும். கொதிக்காமல் அடக்கி வைக்கப்பட்டிருந்த தண்ணீரில் கணிசமான பகுதி அந்தக் கணமே ஆவியாகிக் கட்டடம் முழுவதையும் நிரப்பும். காப்புக் கட்டடம் கட்டப்படுவது அந்த ஒரு வேளைக்காக. காற்றழுத்தத்தின் நான்கைந்து மடங்கைத் தாங்கும்படி அதை வடிவமைப்பது வழக்கம்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கொங்கிறீற் தருவது வலிமையும் கதிர்வீச்சுக்கு மறைப்பும்தான். காற்று கசியாமல் பார்த்துக்கொள்வது, பெரும்பாலான உலைகளில், உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் உருக்குத் தகடு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் இதுதான் கதை. கல்லும் சீமெந்தும் பாரத்தைத் தாங்கும். ஒழுகாமல் காப்பது உட்பூச்சு. பூச்சு வெடித்த தொட்டியின் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் காலையில் தண்ணீர் இருக்காது.

செர்னோபிலை இங்கே குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த அந்த உலையைச் சுற்றி இப்படிப்பட்ட முழுமையான காப்புக் கட்டடம் இருக்கவில்லை. ஆகவே காப்புக் கட்டடம் இருந்தும் பயனில்லை என்பதற்கு அதை உதாரணமாகக் காட்ட முடியாது.

இதுவரை பார்த்தது: வேலிகள் மூன்று. முதல் இரண்டும் உடைந்தால் கடைசியாக நிற்பது காப்புக் கட்டடம். அதன் வேலை, உள்ளே பெருகும் ஆவியையும் கதிரியக்கப் பொருளையும் உள்ளேயே பிடித்து வைப்பது.

சுவரில் ஏன் துளை?

அடைத்து வைக்கத்தான் சுவர் என்றால் அதில் துளை போடுவானேன் என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. உலை ஒரு பூட்டிய பெட்டி அல்ல. உள்ளே உருவாகும் வெப்பம் வெளியே வந்தால்தான் மின்சாரம். வெப்பத்தைச் சுமந்து நீராவிக் குழாய்கள் வெளியேறும், அதற்கு ஈடாகத் தண்ணீர் உள்ளே போகும். உலைத் தண்ணீரில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியே எடுத்துச் சுத்திகரித்து மீண்டும் அனுப்புவார்கள். கட்டடக் காற்றை மாற்றக் குழாய் வேண்டும். தரையில் சேரும் தண்ணீரை இறைக்கக் குழாய் வேண்டும். கருவிகளுக்கு அமுக்கிய காற்று வேண்டும். மின்கம்பிகள் போக வேண்டும். மனிதர் போய்வர வேண்டும்.

சுவரைத் துளைத்துச் செல்லும் இப்படியான ஒவ்வொரு பாதையையும் துளைவழி என்று சொல்லலாம். மின்கம்பி வழிகளையும் சேர்த்து எண்ணினால் பல உலைகளில் இவை நூறைத் தாண்டும். மின்கம்பி வழிகள் நிரந்தரமாக இறுக அடைக்கப்பட்டவை. மனிதர் நுழையும் வழிக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காதபடி பொறியமைப்பு பார்த்துக்கொள்ளும். சிக்கல் குழாய்களில்தான். அவை சாதாரண நாட்களில் திறந்திருக்க வேண்டும், ஆபத்து வந்த கணத்தில் மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கணத்தில் குழாயை அடைப்பதற்காகச் சுவரின் அருகே பொருத்தப்படுவதே காப்புக் கட்டட அடைப்பு வால்வு. இனிச் சுருக்கமாக அடைப்பு வால்வு.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மாரி வெள்ளம் வடிய அதன் கதவுகள் திறக்க வேண்டும். கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்க மூட வேண்டும். எப்போதும் மூடிய அணையால் ஊர் வெள்ளத்தில் நிற்கும். எப்போதும் திறந்த அணை அணையே அல்ல. பயன் முழுவதும் கதவில்தான் தங்கியிருக்கிறது.

ஒன்று போதாதா? ஏன் இரண்டு?

சர்வதேச அணுசக்தி முகமையின் வடிவமைப்புப் பாதுகாப்புத் தரத்தில் 56ஆவது தேவை இந்த அடைப்பைப் பற்றியது. அமெரிக்க விதிகளில் 1971 முதல் இருக்கும் பொது வடிவமைப்பு அளவைகளில் 54 முதல் 57 வரையானவை இதே பொருளைப் பேசுகின்றன. சொற்கள் வேறுபட்டாலும் கரு ஒன்றுதான்.

ஒரு குழாய் உலைத் தண்ணீரோடு நேரடியாக இணைந்திருந்தால், அல்லது கட்டடத்தின் உட்காற்றோடு நேரடியாக இணைந்திருந்தால், அதில் வரிசையாக இரண்டு அடைப்பு வால்வுகள் வேண்டும். வழக்கமாக ஒன்று சுவருக்கு உள்ளே, ஒன்று வெளியே. மாறாக, உள்ளே போய் எதிலும் திறக்காமல் தன்பாட்டில் சுற்றித் திரும்பி வரும் மூடிய குழாய்ச் சுற்று என்றால், வெளியே குறைந்தது ஒன்று போதும். அந்தச் சுற்றின் குழாய்ச் சுவரே இன்னொரு தடையாக நிற்பதால் இந்தச் சலுகை.

இரண்டு கேட்பதற்குக் காரணம் ஒற்றைப் பழுது விதி. ஏதாவது ஒரு பாகம், எதுவாக இருந்தாலும் சரி, தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும் என்பதே அந்த விதி. எது பழுதாகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. எதை எடுத்துவிட்டாலும் மிச்சம் நிற்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஆனால் இரண்டு என்று எண்ணிவிட்டால் மட்டும் இரண்டு ஆகிவிடாது. இரண்டு வால்வுகளுக்கும் ஒரே மின்கம்பியில் மின்சாரம் வந்தால், அந்தக் கம்பி அறுந்ததும் இரண்டும் சேர்ந்தே செயலிழக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்க முடிய வேண்டும். மின்சாரமும் கட்டளைக் கம்பியும் வெவ்வேறு வழியில் வர வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பிரிப்பதும் இதற்காகவே. உள்ளே ஆவியும் வெப்பமும் ஒரு வால்வைக் கெடுத்தாலும், வெளியே உள்ளதை அவை தொடாது. வெளியே தீ பிடித்தாலும் உள்ளே உள்ளது தப்பும். வெளி வால்வு சுவருக்கு இயன்றவரை அருகே இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. சுவருக்கும் அந்த வால்வுக்கும் இடையில் உள்ள குழாய்த் துண்டு உடைந்தால் வெளி வால்வை மூடியும் பயனில்லை. ஆகவே அந்தத் துண்டு குறுகியதாக இருப்பதே நல்லது.

கிணற்றடியில் கற்ற பாடம்

அடைப்பு வால்வுகளில் ஒருவழி வால்வு என்று ஒன்று உண்டு. அதற்கு மோட்டரும் இல்லை, கட்டளையும் இல்லை. தண்ணீர் ஒரு பக்கமாகப் போனால் மடல் திறக்கும், திரும்பி வரப் பார்த்தால் அந்த ஓட்டமே மடலைத் தள்ளி மூடும். நம் தோட்டங்களில் நீரிறைக்கும் குழாயின் அடியில், கிணற்றுக்குள் மூழ்கிக் கிடக்கும் புட் வால்வு அந்த வகைதான். மோட்டரை நிறுத்தினாலும் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காக அதைப் போடுகிறோம்.

சென்ற வைகாசியில் எங்கள் கிணற்றுப் பம்பி காலையில் இறைக்க மறுத்தது. தண்ணீர் ஊற்றி நிரப்பினேன், ஓடியது. மறுநாள் மீண்டும் அதே கதை. மூன்றாம் நாள் குழாயை மேலே இழுத்து வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மடல் புத்தம் புதிது போல இருந்தது. இறப்பர் வெடிக்கவில்லை. மடலுக்கும் அது அமரும் வளையத்துக்கும் இடையில் ஒரு நெல்மணி அளவு சுண்ணக்கல் துணிக்கை சிக்கியிருந்தது. மடல் மூடித்தான் இருந்தது, அந்த ஒரு நெல்மணி அளவைத் தவிர. இரவு முழுவதும் அந்த இடுக்கால் குழாய் வெறுமையாகிக்கொண்டிருந்தது.

அமெரிக்க விதியில் ஒரு வரி எனக்கு அந்தத் துணிக்கையை நினைவூட்டும். சுவருக்கு வெளியே தானியங்கி அடைப்பு வால்வாக வெறும் ஒருவழி வால்வைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது அது. ஒருவழி வால்வு ஓட்டத்தை நம்பியே மூடுகிறது. மெல்லிய கசிவில் மடலை இறுக்கி அமர்த்தும் தள்ளுவிசை கிடைக்காமல் போகலாம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதற்கு “மூடு” என்று கட்டளையிட்டு இறுக்கவும் வழியில்லை. உள்ளே ஒன்றாக அது நிற்கலாம். வெளியே நிற்கும் கடைசித் தடை அதுவாக இருக்கக்கூடாது.

இதுவரை பார்த்தது: ஆபத்தான குழாய்க்கு இரண்டு வால்வு. இரண்டும் ஒரே காரணத்தால் கெடாதபடி இடமும் மின்சாரமும் கட்டளையும் பிரிந்திருக்க வேண்டும்.

மூடச் சொல்வது யார்?

வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாராவது மூடச் சொன்னால்தான் மூடும். இதைப் பாடமாகக் கற்றுத்தந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மூன்று மைல் தீவு.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. உலையின் அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு, அழுத்தம் குறைந்த பிறகும் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, அது மூடிவிட்டது என்று எண்ணும்படி காட்டியது. அந்த விளக்கு வால்வின் நிலையைப் பார்த்துக் காட்டியதல்ல. மூடும் கட்டளை போயிற்று என்பதை மட்டுமே காட்டியது. கடிதம் தபாலில் போட்டாயிற்று என்பதும் கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலைத் தண்ணீர் அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

அது முதலில் ஒரு தொட்டிக்குப் போயிற்று. தொட்டி நிறைந்து அதன் பாதுகாப்புத் தகடு வெடித்தது. தண்ணீர் கட்டடத்தின் அடித்தளத்தில் பரவியது. தரையில் தண்ணீர் சேர்ந்தால் தானாக இறைக்கும் பம்பிகள் தம் கடமையைச் செய்தன. காப்புக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டிய தண்ணீரைச் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பத் தொடங்கின. பணியாளர்கள் ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் அவற்றை நிறுத்தினார்கள்.

அந்தக் குழாயில் அடைப்பு வால்வுகள் இல்லையா? இருந்தன. பழுதாகவும் இல்லை. ஆனால் கட்டடத்தின் உள்ளழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்தால் மட்டுமே தானாக அடைக்கும்படி அந்த உலை வடிவமைக்கப்பட்டிருந்தது. பெருங்குழாய் உடைந்திருந்தால் அழுத்தம் நொடிகளில் ஏறியிருக்கும். அன்று நடந்ததோ மெல்லிய, நீண்ட கசிவு. அழுத்தம் அந்த அளவைத் தொட ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று. பெரிய சத்தம் கேட்டால் மட்டும் விழிக்கும் காவலாளியின் முன்னால் கள்வன் மெதுவாக நடந்துபோனது போல.

அதற்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980 நவம்பரில் வெளியிட்ட செயல்திட்டத்தில் அடைப்பு பற்றி வந்த கட்டளைகள் இன்றும் வடிவமைப்பின் அடிப்படையாக இருக்கின்றன. அடைக்கும் சைகை ஒரே வகை அளவீட்டை நம்பக்கூடாது. கட்டட அழுத்தம், அவசரக் குளிர்ச்சி தொடங்கியமை போன்ற வெவ்வேறு தன்மையுள்ள அறிகுறிகளில் எது வந்தாலும் மூட வேண்டும். ஒவ்வொரு குழாயையும் பார்த்து, விபத்து நேரத்தில் இது தேவையா, தேவையற்றதா என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். தேவையற்றவை அனைத்தும் யாரையும் கேட்காமல் தானாக மூட வேண்டும்.

இன்னொன்று நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. மின்சாரம் போனபோது பம்பியின் சுவிட்சை அணைக்க மறந்துவிடுகிறோம். நள்ளிரவில் மின்சாரம் வருகிறது, பம்பி தானாக ஓடுகிறது, விடிய எழுந்து பார்த்தால் தொட்டி வழிந்து முற்றம் குளமாகிக் கிடக்கிறது. அணு உலையில் இதற்கு இடமில்லை. அடைக்கும் சைகையை நீக்கிவிட்டாலும் மூடிய வால்வு தானாகத் திறக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் திறக்க ஒரு மனிதர் அறிந்தே தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

மின்சாரம் போனால்?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். பதில் வால்வின் வகையைப் பொறுத்தது.

ஒரு வகையில், அமுக்கிய காற்று ஒரு வலுவான சுருள்வில்லைத் தள்ளிப் பிடித்து வால்வைத் திறந்து வைத்திருக்கும். காற்று போனால் வில் விடுபட்டு வால்வு மூடும். மின்சாரம் போனாலும் அப்படியே. மூடுவதற்குச் சக்தி தேவையில்லை, திறந்து வைக்கத்தான் சக்தி தேவை. இன்னொரு வகை மோட்டரால் இயங்குவது. மின்சாரம் போனால் அது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆகவே அதற்கு அவசர மின்பிறப்பாக்கியோ பற்றரியோ பின்னால் நிற்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முதல் வகையாக, மின்சாரம் போனதும் மூடிக்கொள்வதாகச் செய்துவிடலாமே என்று தோன்றும். இந்த விடயத்தில் மிகப் பரவலான தவறான புரிதல் இதுதான் என்று நினைக்கிறேன். விதி “மூட வேண்டும்” என்று சொல்லவில்லை. சக்தி இழந்தால் வால்வு “அதிகப் பாதுகாப்பைத் தரும் நிலைக்கு” போக வேண்டும் என்றே சொல்கிறது. உலைக்கு அவசரக் குளிர்நீர் கொண்டுபோகும் குழாயை மூடினால் நாமே உலையின் கழுத்தை நெரித்தவர்கள் ஆவோம். அங்கே பாதுகாப்பான நிலை திறந்த நிலை.

இந்தத் தீர்மானம் எவ்வளவு கடினமானது என்பதை ஜப்பானின் புக்குஷிமா டைச்சி நிலையத்தின் முதலாம் அலகு காட்டியது. 2011 மார்ச் 11 அன்று சுனாமி நீர் அங்கே மின்பிறப்பாக்கிகளையும் பற்றரிகளையும் மூழ்கடித்தது. அந்த அலகில் மின்சாரம் இல்லாமலே உலையின் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கித் திருப்பி அனுப்பும் ஒரு குளிர்விப்பான் இருந்தது. உயரத்தில் இருந்து நீர் இறங்கும் விசையே அதற்குப் போதும். ஆனால் அதன் குழாய்கள் காப்புக் கட்டடச் சுவரைத் தாண்டுவதால் அவற்றில் அடைப்பு வால்வுகள் இருந்தன. அந்தக் குழாய் எங்காவது உடைந்தால் அவை மூட வேண்டும். உடைப்பைக் கண்டறியும் சுற்று, தனக்கு வரும் மின்சாரம் போய்விட்டால் அதையும் உடைப்பாகவே கருதும்படி அமைக்கப்பட்டிருந்தது. பற்றரி மின்சாரம் மறைந்த வேளையில் குழாய் எதுவும் உடைந்திருக்கவில்லை. ஆனாலும் “மூடு” என்ற சைகை போயிற்று. மிக அவசியமான நேரத்தில் குளிர்விப்பான் ஏறத்தாழ முழுவதும் செயலிழந்தது. கட்டுப்பாட்டு அறையில் விளக்குகளே எரியாததால் எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைப் பணியாளர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. குளிர்விப்பான் வேலை செய்கிறது என்ற எண்ணத்தோடு விலைமதிப்பற்ற மணிகள் கழிந்தன.

இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. அந்தச் சுற்றை வடிவமைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். கதிரியக்கம் வெளியேறக்கூடாது என்ற ஒரே நோக்கில், சந்தேகம் வந்தால் மூடு என்று அமைத்தார்கள். அடைத்தலும் குளிர்வித்தலும் ஒன்றோடொன்று மோதும் நாள் ஒன்று வரும் என்பதற்கு அந்தச் சுற்றில் இடம் இருக்கவில்லை.

இதுவரை பார்த்தது: எப்போது மூடுவது என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட வகை அறிகுறிகள் தீர்மானிக்க வேண்டும். மின்சாரம் போனால் எந்த நிலைக்குப் போவது என்பது ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு.

மூடிய பிறகும் ஒரு தொல்லை

இரண்டு வால்வும் சரியாக மூடிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையில் உள்ள குழாய்த் துண்டில் குளிர்ந்த தண்ணீர் நிறைந்து நிற்கிறது. கட்டடத்துக்குள் ஆவி பரவி வெப்பம் ஏறுகிறது. சூடேறிய தண்ணீர் விரியப் பார்க்கும், போக இடமில்லை. தண்ணீரை அமுக்குவது மிகக் கடினம் என்பது பள்ளிப்பாடம். ஆகவே அழுத்தம் குழாயையே பிளக்கும் அளவுக்கு ஏறலாம். அடைப்பதற்காக வைத்த இரண்டு வால்வுகளே சேர்ந்து அடைப்பை உடைக்கும் நிலை. இதைச் சரிபார்க்கும்படி 1996இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் அனைத்து உலைகளையும் கேட்டுக்கொண்டது. சிறிய தணிப்பு வால்வு ஒன்றை வைப்பது போன்ற எளிய தீர்வுகள் இதற்கு உண்டு. முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருந்தால் மட்டும்.

ஒழுகவில்லை என்று எப்படித் தெரியும்?

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் எரிவாயுச் சிலிண்டர் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது, வீடுகளில் எல்லாரும் சவர்க்கார நுரையைக் கரைத்து ரெகுலேட்டரின் மேல் பூசிப் பார்க்கப் பழகினோம். குமிழி வந்தால் கசிவு. ரெகுலேட்டரின் பிடி “மூடு” பக்கம் இருக்கிறது என்று திருப்தியடைந்தவர் எவரும் இல்லை.

அணு உலையிலும் அதே மனப்பாங்குதான், அளவீடு மட்டும் நுட்பமானது. ஒரு நாளில் எவ்வளவு காற்று தப்பிப் போகிறது என்பதைக் கசிவு வீதம் என்பார்கள். முழுமையான காற்றுப்புகாமை என்று ஒன்றை எந்த விதியும் கேட்பதில்லை. அனுமதிக்கப்பட்ட அளவு ஒன்றைக் குறித்து அதைத் தாண்டாதே என்கிறது. அமெரிக்காவின் பெரிய காப்புக் கட்டடங்கள் பலவற்றில் அந்த அளவு, உள்ளே உள்ள காற்றில் நாளொன்றுக்கு 0.1 சதவீதம். “கசிவு கண்டுபிடிக்கப்பட்டது” என்று ஒரு செய்தித் தலைப்பைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. எவ்வளவு என்ற எண் இல்லாத கசிவுச் செய்தியை வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியடையவும் முடியாது.

அந்நாட்டு விதிகளின் பின்னிணைப்பு ஜே மூன்று வகைச் சோதனைகளைச் சொல்கிறது. முதலாவதில் கட்டடம் முழுவதையும் காற்றால் நிரப்பி, விபத்தில் எதிர்பார்க்கும் அழுத்தத்துக்கு ஏற்றிக் கசிவை அளப்பார்கள். இரண்டாவது, கதவுகளையும் மின்கம்பி வழிகளையும் தனித்தனியாகச் சோதிப்பது. மூன்றாவதுதான் நம் அடைப்பு வால்வுகளுக்கானது. இரண்டாவது, மூன்றாவது சோதனைகளில் கிடைக்கும் கசிவுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் மொத்த அனுமதியில் 60 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். மிச்சம் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு.

மூன்றாவது சோதனையைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். உலை நிறுத்தப்பட்டிருக்கும் காலத்தில் ஒரு குழாயின் தண்ணீரை வடித்துவிட்டு அதன் அடைப்பு வால்வை மூடுகிறார்கள். ஒரு பக்கத்தில் சிறிய இணைப்பு வழியாகக் காற்றை ஏற்றி, அந்த விபத்து அழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். வால்வு கசிந்தால் அழுத்தம் குறையும். அதைக் குறையாமல் வைத்திருக்க மணிக்கு எவ்வளவு காற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதை ஓட்டமானி காட்டும். அந்த எண்தான் அந்த வால்வின் கசிவு. ஒரு நெல்மணி அளவு துணிக்கை சிக்கியிருந்தாலும் அந்த எண்ணில் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. முதன்முறை அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். சோதனைக்காக வால்வை அதன் வழக்கமான முறையில், அதன் சொந்த மோட்டரினாலோ வில்லினாலோ மட்டுமே மூட வேண்டும். அதற்கு முன் இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பழக்கிவிடக்கூடாது. மோட்டர் மூடி முடித்த பிறகு ஒருவர் போய்ச் சில்லைப் பிடித்துக் கையால் இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடவும் கூடாது. மூடியபடியே எவ்வளவு கசிகிறதோ அதைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும். திருத்த வேலையெல்லாம் அதற்குப் பிறகு. விபத்து நடக்கும் இரவில், ஆவி நிறைந்த அந்தக் கட்டடத்துக்குள் போய் அந்தச் சில்லை ஒரு சுற்று இறுக்கிவிட யாரும் இருக்கமாட்டார்கள்.